பூஜ்யக் கமிஷனுக்குப் பின்னால்: முதலீட்டுத் தளங்களோடு சில ஆண்டுகள்

முதலீட்டுத் தளங்களை ஒப்பிடும் எந்த அட்டவணையைப் பார்த்தாலும் முதல் கட்டத்தில் கமிஷன்தான் இருக்கும். ஒரு பங்கை வாங்க எவ்வளவு, விற்க எவ்வளவு. மாதம் ஒருமுறை கொஞ்சம் வாங்கிப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிற சாதாரண முதலீட்டாளருக்கு அந்தக் கட்டத்தால் பெரிய பயன் இல்லை. பல ஆண்டுகளாகப் பல தளங்களில் ஒரே சமயத்தில் கணக்கு வைத்திருக்கிறேன். என்னிடமிருந்து போன பணத்தில் பெரும்பகுதி கமிஷன் என்ற பெயரில் போகவே இல்லை.

நான் பயன்படுத்திப் பார்த்தவை நான்கு வகை. முதலாவது, பழைய பாணித் தரகு நிறுவனம். ஒவ்வொரு ஆர்டருக்கும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு, தொலைபேசியில் அழைத்தால் மனிதர் பேசுவார். இரண்டாவது, கமிஷனே இல்லை என்று விளம்பரம் செய்யும் செயலி. மூன்றாவது, மியூச்சுவல் ஃபண்டுகளை விற்கும் தளம். இருப்பின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளும். நான்காவது, சந்தாவைப் போல மாதாமாதம் ஒரே தொகையை வாங்கும் தளம். பெயர்களைச் சொல்லப்போவதில்லை. கட்டணப் பட்டியல்களை இவர்கள் அடிக்கடி மாற்றுகிறார்கள்; இன்று சொன்னால் அடுத்த ஆண்டு தவறாகிவிடும்.

கமிஷன் எப்படிக் காணாமல் போனது என்பது தெரிந்தால்தான் மற்றவை புரியும். அமெரிக்காவில் 1975 மே 1 வரை தரகுக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்ட ஒன்று. தரகர்கள் அதற்குக் கீழே இறங்கிப் போட்டியிட முடியாது. அந்தக் கட்டுப்பாடு நீங்கியதும் சார்லஸ் ஷ்வாப் போன்ற மலிவுவிலைத் தரகர்கள் வளர்ந்தார்கள். 2013இல் தொடங்கப்பட்ட ராபின்ஹுட் என்ற செயலி நிறுவனம் கமிஷனே கிடையாது என்றது. 2019 அக்டோபர் 1 அன்று ஷ்வாபும் பங்குகளுக்கான இணையவழிக் கமிஷனைப் பூஜ்யமாக்குவதாக அறிவித்தது. அடுத்த சில நாட்களில் பெரிய போட்டியாளர்களும் பின்தொடர்ந்தார்கள். இத்தனை நிறுவனங்கள் ஒரே மூச்சில் ஒரு வருமானத்தை விட்டுக்கொடுக்கின்றன என்றால், அதைவிடக் கொழுத்த வருமானம் வேறெங்கோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அதில் அதிகம் பேசப்படுவது ஆர்டரை விற்பது. இப்படிப்பட்ட பல செயலிகளில் நாம் ‘வாங்கு’ பொத்தானை அழுத்தியதும் அந்த ஆர்டர் நேராகப் பங்குச்சந்தைக்குப் போவதில்லை. மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்குப் போகிறது. அந்த நிறுவனம் ஆர்டரை அனுப்பியதற்காகச் செயலிக்குப் பணம் தருகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் இந்த வருமானத்தை வாடிக்கையாளரிடம் சரியாகச் சொல்லவில்லை என்று ராபின்ஹுட் மீது நடவடிக்கை எடுத்தது. குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் நிறுவனம் 6.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. கமிஷன் இல்லாததால் மிச்சமானதைக் கழித்த பிறகும் வாடிக்கையாளர்களுக்கு 3.41 கோடி டாலர் நஷ்டம் என்பது ஆணையத்தின் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த திருத்தத்தில் இந்த வழக்கத்துக்குத் தடை விதித்தது; ஏற்கெனவே இது நடைமுறையில் இருந்த உறுப்பு நாடுகள் 2026 ஜூன் 30 வரை விலக்கு பெற வழி செய்யப்பட்டது.

ஆனாலும் மாதம் ஒருமுறை வாங்குகிறவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதிகம் கைமாறும் ஒரு பெரிய குறியீட்டு ஈ.டி.எஃப்.பை (சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும், பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கக் கூடிய ஃபண்டு) ஒரே நேரத்தில் செயலியிலும் பழைய தரகரிடமும் சிறிய அளவில் வாங்கிப் பார்த்தேன். விலையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதிகம் வியாபாரமாகாத சிறிய பங்கில் மட்டும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கேயும் முதல் குற்றவாளி தளம் அல்ல. வாங்குபவர் தரத் தயாரான விலை 99.50, விற்பவர் சொல்லும் விலை 100.50 என்று இடைவெளி கிடக்கும்போது கிடைக்கிற விலைக்கு உடனே வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் எந்தத் தளமாக இருந்தாலும் கையைச் சுடும். இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லும் லிமிட் ஆர்டர் போட்டு, சந்தை திறந்த முதல் சில நிமிடங்களைத் தவிர்த்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி குறைந்துவிடும். கூச்சல் இந்த விஷயத்தில்தான் அதிகம். பணம் அதிகம் போவது வேறு வழிகளில்.

உதாரணமாக, வெளிநாட்டுப் பங்கு. செயலி அனுப்பிய ரசீதின் தலையில் ‘கமிஷன்: 0.00’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதற்குச் சில வரிகள் கீழே, சாம்பல் நிறத்தில், நாணய மாற்று விகிதம் நான்கு தசம இடங்களோடு. கட்டணம் என்ற சொல் அங்கே எங்கும் இல்லை. அதே நேரத்துச் சந்தை விகிதத்தைப் பக்கத்தில் வைத்து வகுத்துப் பார்த்தேன். முக்கால் சதவீதம் இடித்தது. வாங்கும்போது முக்கால், விற்றுப் பணத்தைத் திரும்பக் கொண்டுவரும்போது முக்கால். இடையில் டிவிடெண்ட் (நிறுவனம் பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கு) வந்தால் தளம் அதைத் தானாகவே உள்நாட்டு நாணயத்துக்கு மாற்றிவிடுகிறது. நான் அதையே மறுமுதலீடு செய்யும்போது மீண்டும் மாற்றுகிறது. போகும்போதும் சுங்கம், வரும்போதும் சுங்கம். பழைய தரகரிடம் இதே பங்கில் 10,000 முதலீடு செய்யக் கமிஷன் 10, நாணய மாற்றுக்கு 0.1 சதவீதம் என்ற கணக்கில் இன்னொரு 10, மொத்தம் 20. ‘இலவச’ செயலியில் 75. போதாக்குறைக்கு, பழைய தரகர் வெளிநாட்டு நாணயத்தை அப்படியே கணக்கில் வைத்திருக்கவும் அனுமதிக்கிறார். டிவிடெண்ட் அங்கேயே சேர்ந்து அங்கேயே முதலீடாகிறது.

சிறிய தொகையென்றால் இந்தக் கணக்கு தலைகீழாகும் என்பதையும் சொல்ல வேண்டும். மாதம் 200 போடுகிறவருக்கு 10 கமிஷன் என்பது 5 சதவீதம். அவருக்குச் செயலிதான் சரி. அல்லது சில மாதங்கள் சேர்த்துவைத்து ஒரே முறையாக வாங்கலாம்.

சதவீதக் கட்டணமா, நிலையான கட்டணமா என்பது இதைவிடப் பெரிய கேள்வி. ஆண்டுக்கு 0.3 சதவீதம் எடுக்கும் தளத்தையும் மாதம் 10 வீதம் ஆண்டுக்கு 120 எடுக்கும் தளத்தையும் எடுத்துக்கொள்வோம். இருப்பு 10,000 என்றால் சதவீதத் தளம் 30தான் எடுக்கும். நிலையான கட்டணமோ 1.2 சதவீதமாகக் கடிக்கும். 40,000இல் இரண்டும் சமம். 2,00,000 ஆனால் ஒன்று 600, மற்றது 120. இருப்பு பெருகியதால் தளத்துக்கு வேலை கூடிவிடவில்லை. அதே கணக்கு அறிக்கை, அதே உள்நுழைவுப் பக்கம், அதே தாமதமான பதில். ஆனாலும் சதவீதத் தளத்தில் சேர்ந்த பலர் ஆரம்பத்தில் மலிவாக இருந்தது என்பதற்காகவே அங்கேயே தங்கிவிடுகிறார்கள். சதவீதம் மாறாமல் இருப்பதால் கட்டணம் கூடுவது கண்ணில் படுவதில்லை. சில தளங்கள் சதவீதக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. வரம்பு இருக்கிறதா, அது ஃபண்டுகளுக்கும் பொருந்துமா அல்லது பங்குகளுக்கு மட்டும்தானா என்று பார்ப்பது முக்கியம். என் மூன்றாவது தளத்தில் அது பங்குகளுக்கு மட்டும்தான். நான் அங்கே வைத்திருந்ததெல்லாம் ஃபண்டு.

இதற்குமேல் ஃபண்டின் சொந்தச் செலவு விகிதம், அதாவது ஃபண்டை நடத்த ஆண்டுதோறும் எடுக்கப்படும் சதவீதம், தனி. அது கணக்கு அறிக்கையில் வராது; ஃபண்டின் விலையிலேயே நாள்தோறும் கழிக்கப்பட்டுவிடும். ஆண்டுக்கு 7 சதவீதம் வளரும் 100, 30 ஆண்டுகளில் ஏறக்குறைய 761 ஆகும். செலவுக்கு ஒரு சதவீதம் போய் 6 சதவீதமாக வளர்ந்தால் 574தான். கமிஷனைக் காரணம் காட்டித் தளம் மாறுகிறவர்கள் இந்த 187ஐத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பிரிட்டனில் 2012 இறுதியிலிருந்து ஆலோசகர்கள் புதிய முதலீடுகளுக்கு ஃபண்டு நிறுவனங்களிடம் கமிஷன் வாங்க முடியாது. இந்தியாவில் 2013 ஜனவரி 1 முதல் மியூச்சுவல் ஃபண்டுகள் இடைத்தரகர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டங்களையும் தர வேண்டியதாயிற்று. ஆகவே ஒரே ஃபண்டு, ஒரே மேலாளர், ஒரே பங்குகள். பெயரின் வாலில் மட்டும் ஒரு சொல் மாறி, செலவு விகிதமும் மாறியிருக்கும். தளம் ‘இலவசம்’ என்று சொன்னால் அது எந்த வாலுள்ள திட்டத்தை விற்கிறது என்று பார்த்தாலே போதும். கட்டணம் யாரிடமிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும்.

ரொக்கத்தைப் பற்றியும் கொஞ்சம். முதலீடாகாமல் கணக்கில் கிடக்கும் பணத்துக்குத் தளம் வங்கியிடம் வட்டி வாங்கும். நமக்கு அதில் ஒரு துளி தரும், அல்லது தராது. ஆலோசனைக் கட்டணம் இல்லை என்று விளம்பரமான ஷ்வாபின் தானியங்கி முதலீட்டுச் சேவை ஒன்று வாடிக்கையாளர் பணத்தில் கணிசமான பகுதியை ரொக்கமாகவே வைத்து, குழும வங்கி மூலம் வருமானம் பார்த்தது. அதன் பாதிப்பை வாடிக்கையாளரிடம் சொல்லவில்லை என்பது அமெரிக்க ஆணையத்தின் புகார். 2022 ஜூனில் ஷ்வாபின் துணை நிறுவனங்கள் இதற்காக 18.7 கோடி டாலர் கட்டி, குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் சமரசம் செய்துகொண்டன. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் என் கணக்குகளில் ரொக்கம் எவ்வளவு நாள் சும்மா கிடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். செயலியில் டிவிடெண்ட் வந்து மாதக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒரு தளத்தின் குணம் விலகும்போதுதான் தெரிகிறது. சதவீதத் தளத்திலிருந்து நிலையான கட்டணத் தளத்துக்கு மாறியபோது, ஃபண்டுகளை விற்காமல் அப்படியே மாற்றித் தரும்படி கேட்டேன். ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனி மாற்றுக் கட்டணம். அதுகூடப் பரவாயில்லை. இரண்டு தளங்களும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருந்த வாரங்களில் ஃபண்டுகள் எந்தக் கணக்கிலும் தெரியவில்லை. கடைசியில் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தன என்றாலும், அந்த வாரங்களில் சந்தை சரிந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. பங்கின் துண்டுகளை வாங்கும் வசதியிலும் இதே சிக்கல் உண்டு. முழுப் பங்கு வாங்கப் பணம் போதாதவருக்கு அது நல்ல வசதி. ஆனால் துண்டுகளை வேறு தளத்துக்கு மாற்றப் பெரும்பாலும் முடியாது. விற்றுத்தான் ஆக வேண்டும், லாபம் இருந்தால் வரியும் சேரும். கணக்கு தொடங்கும்போது எவரும் இதைச் சொல்வதில்லை.

செயலியின் நடத்தையையும் செலவில்தான் சேர்ப்பேன். வாங்கியதும் திரையில் வண்ணக் காகிதங்கள் பறக்கும் காட்சியை ராபின்ஹுட் 2021 மார்ச்சில் கைவிட்டது. என் செயலியில் காகிதம் பறப்பதில்லை. பதிலாக, நான் வைத்திருக்கும் பங்கு மூன்று சதவீதம் இறங்கினாலும் ஏறினாலும் தொலைபேசி சிணுங்குகிறது. அறிவிப்பை அணைக்கும் இடம் அமைப்புகளில் நான்கு அடுக்குக்குள் இருக்கிறது. நிலையான கட்டணத் தளமோ முகத்தைக் கழுவாத இணையதளம் மாதிரி இருக்கிறது. வரைபடம் ஒழுங்காகத் திறப்பதில்லை, செயலி என்று ஒன்று பெயருக்கு இருக்கிறது. அங்கே நான் ஆண்டில் செய்யும் ஆர்டர்கள் மிகக் குறைவு. எனக்கு அந்தத் தளம் பிடித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போதைய நிலவரம் இது. நீண்டகாலத்துக்கான குறியீட்டு ஃபண்டுகள் அனைத்தும் நிலையான கட்டணத் தளத்தில். வெளிநாட்டு ஈ.டி.எஃப்.கள் பழைய தரகரிடம். செயலியில் சிறு தொகை மட்டும். அதிலும் உள்நாட்டு நாணயத்தில் வாங்கக் கூடியவை மட்டும். சதவீதத் தளத்தை மூடிவிட்டேன். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு தளத்திலும் முந்தைய ஆண்டு போன மொத்தத் தொகையை, நாணய மாற்றையும் ஃபண்டுச் செலவையும் சேர்த்து, சராசரி இருப்பால் வகுத்துப் பார்க்கிறேன். சென்ற ஆண்டுக் கணக்கிலும் நான்கில் அதிகம் எடுத்தது கமிஷன் இல்லாத செயலிதான். புதிதாகச் சேமிக்கத் தொடங்குகிற ஒருவர், நாணய மாற்றே தேவைப்படாதவர், என்னிடம் கேட்டால் இன்றும் அதே செயலியைத்தான் சொல்வேன். அறிவிப்புகளை அணைக்கும் இடத்தையும் கையோடு காட்டிவிடுவேன்.