மூன்று ஆண்டு ஓட்டிய ஸ்பைரோமீட்டர்: அடியில் விழும் அந்த ஒற்றை வரி

ஊதும் காற்றை அளந்து நுரையீரலைச் சோதிக்கும் ஸ்பைரோமீட்டரின் விலை இறங்கியிருக்கிறது, கிளினிக்குக்கு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். என்னுடையது கையடக்க டர்பைன் வகை, ஊதும் காற்றில் சுழலும் சிறு விசிறியை வைத்து அளப்பது. அளவில் குறை சொல்ல முடியாது. காலையில் சரிபார்க்க 3 லிட்டர் காற்றுள்ள சிரிஞ்சைத் தள்ளினால் 2.95க்கும் 3.05க்கும் நடுவில்தான் நிற்கிறது. 3 சதவீதம் வரை விலக அனுமதி உண்டு. எச்சில் படிந்தால் டர்பைன் மந்தமாகி அளவு குறைவாகக் காட்டும். கிருமிநாசினியில் ஊறவைத்து, குழாயடியில் பிடிக்காமல் நீரில் முக்கி அலசி, முழுக்க உலரவிட்டால் போதும்.

ஆத்திரம் வருவது ரிப்போர்ட்டின் அடியில் தானாக அச்சாகும் வரியைப் பார்த்துத்தான்: "ரெஸ்ட்ரிக்‌ஷன்". நுரையீரல் சுருங்கி, காற்று குறைவாகவே கொள்கிறது என்று பொருள். அந்த வரியை நிறுத்த செட்டிங்கே இல்லை.

மூச்சுக்குழாய் அடைப்பு உள்ளவருக்குக் காற்று மெல்லத்தான் வெளியேறும். முழுதாக ஊதி முடிக்கப் பத்து வினாடிக்கு மேலும் ஆகலாம். ஒருவருக்கு எஃப்இவி1 (முதல் வினாடியில் ஊதிய காற்று) 2.16 லிட்டர், எஃப்விசி (ஊதிய மொத்தக் காற்று) 3.60 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் விகிதம் 0.60, இவ்வளவு குறைந்தால் அடைப்பு தெளிவு. அவரே மூன்றாவது வினாடியில் வாயை எடுத்துவிட்டால் எஃப்விசி 2.80தான் பதிவாகும். விகிதம் 0.77 ஆகி, அடைப்பு மறைந்துவிடும். அவருக்கு எதிர்பார்க்கும் அளவு 3.70 என்றால் எஃப்விசி அதில் 76 சதவீதம்தான், மெஷின் இதைச் சுருக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு) நோயாளி, காகிதத்தில் நுரையீரல் சுருங்கியவர் ஆகிவிடுகிறார். அவருக்கு வேண்டிய இன்ஹேலர் தள்ளிப்போகிறது, வேண்டாத சிடி ஸ்கேன் முன்னால் வருகிறது.

இத்தனைக்கும் அதே தாளின் மேலே "தரம்: எஃப்" என்று மெஷினே போட்டிருக்கும்! ஊதியது சரியில்லை என்று தெரிந்த பிறகு நோயின் பெயரை எதற்கு அச்சிட வேண்டும்? ரெஸ்ட்ரிக்‌ஷனை உறுதிசெய்ய நுரையீரலின் மொத்தக் கொள்ளளவை அளக்க வேண்டும். அது ஸ்பைரோமீட்டரால் ஆகாது.

ஒன்றை மனதாரப் பாராட்டலாம். ஊதும்போதே கோடு திரையில் ஓடுகிறது. காற்றின் அளவைக் காட்டும் கோடு கடைசி ஒரு வினாடியில் 25 மில்லிக்கு மேல் ஏறாமல் படுத்துவிட்டால் ஊதி முடித்தாயிற்று. காற்றின் வேகத்தைக் காட்டும் கோட்டின் வால் செங்குத்தாக விழுந்தால் பாதியில் விட்டுவிட்டார் என்று பொருள். மறுபடி ஊதச் சொல்லுங்கள், எட்டு முறை வரை. ஒழுங்காக ஊதிய மூன்று வேண்டும். எஃப்இவி1, எஃப்விசி இரண்டிலும் முதல் இரு பெரிய அளவுகளுக்குள் 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் கூடாது.

இவ்வளவு நல்ல சென்சார் இருந்தும், இன்னொன்று வாங்க மாட்டேன். ஏற்கெனவே வாங்கியவர்கள், ரிப்போர்ட் நோயாளி கைக்குப் போகும் முன் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள்.