காட்டுத்தீப் புகையைப் பின்தொடர எந்தச் செயற்கைக்கோள்?

கனடாவில் 2023-ஆம் ஆண்டு சுமார் 1.5 கோடி ஹெக்டேர் காடு எரிந்தது. டொராண்டோவில் வாழும் எங்களுக்கு அந்தக் கோடையிலிருந்து, வெளியே கிளம்பும் முன் புகை வருகிறதா என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருக்கிறார். சன்னலை எப்போது மூடுவது, பிள்ளைகளை மாலையில் மைதானத்துக்கு அனுப்பலாமா என்பதெல்லாம் சில மணி நேரம் முன்னதாகத் தெரிந்தால் பெரிய உதவி. இதற்காகச் செயற்கைக்கோள் படங்களில் இரண்டு வகைகளைப் பயன்படுத்திப் பார்த்து, ஒன்றை அன்றாடத்துக்கென்று வைத்துக்கொண்டேன்.

ஒரு வகை, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று பூமியின் ஒரே பக்கத்தை இடைவிடாமல் பார்க்கும் புவிநிலைச் செயற்கைக்கோள். கிழக்கு வட அமெரிக்காவுக்கு அது அமெரிக்காவின் கோஸ்-ஈஸ்ட் (GOES-East). 2025 ஏப்ரல் முதல் அந்த இடத்தில் கோஸ்-19 இருக்கிறது. மற்றொரு வகை, 700, 800 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றி வருபவை. சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 ஆகிய செயற்கைக்கோள்களில் வீர்ஸ் (VIIRS) என்ற படமெடுக்கும் கருவி இருக்கிறது. 1999-இல் விண்ணுக்குப் போன டெர்ராவிலும் 2002-இல் போன அக்வாவிலும் மோடிஸ் (MODIS) என்ற அதே மாதிரியான கருவி இருக்கிறது. கோஸ் படங்களை கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்லைடர் தளத்திலும், மற்றவற்றை நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். ஆகவே செலவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

படத்தின் கூர்மையில் துருவச் சுற்றுக்காரர்களே மேல். மோடிஸ் 250 மீட்டர், வீர்ஸ் 375 மீட்டர் வரை பிரித்துக் காட்டும். கோஸின் மிகக் கூர்மையான அலைநீளப் பட்டை 500 மீட்டர். அதுவும் செயற்கைக்கோளுக்கு நேர் கீழே மட்டும். வடக்கே போகப் போகப் பார்வை சாய்ந்து பிக்சல் நீண்டுவிடும். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவும் புகைக்கு இந்தக் குறை பெரிதல்ல. எந்த மலைச்சரிவில் தீ பிடித்தது என்று தேடுபவருக்குத்தான் அது முக்கியம்.

நான் கோஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: அடுத்த படம் எப்போது வரும் என்பது. கோஸ், பூமியின் முழு வட்டத்தை 10 நிமிடத்துக்கு ஒருமுறையும், அமெரிக்காவையும் அதை ஒட்டிய கனடாவின் தென்பகுதியையும் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் எடுக்கிறது. வீர்ஸ் பகலில் நம் தலைக்கு மேல் வருவது பிற்பகல் 1.30 மணியை ஒட்டித்தான். மூன்று செயற்கைக்கோள்கள் இருந்தாலும் மூன்றும் ஏறத்தாழ அந்த வேளையிலேயே கடக்கின்றன. காட்டுத்தீயோ வெயில் ஏறி, ஈரப்பதம் குறைந்து, காற்று வலுக்கும் பிற்பகலில்தான் சீறும். நான்கு, ஐந்து மணிக்கு எழும் பெரும் புகைத்தூண் 1.30 மணிப் படத்தில் இருக்காது. மறுநாள் பகலில் பார்க்கும்போது அது பல நூறு கிலோமீட்டர் கடந்து வந்திருக்கும்.

அடிக்கடி எடுத்த படங்களை வரிசையாக ஓட்டினால் இன்னொன்றும் கிடைக்கிறது. ஒற்றைப் படத்தில் மெல்லிய புகையையும் உயரத்து மெல்லிய மேகத்தையும் பிரித்தறிவது கடினம். ஓடவிட்டுப் பார்த்தால் மேகம் அங்கங்கே தோன்றிக் கலையும்; புகை தன் ஊற்றுக்கண்ணிலிருந்து அறுபடாமல் இழுபட்டு வரும். வேகத்தையும் கணக்கிடலாம். புகையின் முனை இரண்டு மணி நேரத்தில் 80 கிலோமீட்டர் நகர்ந்திருக்கிறது, நாம் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம் என்றால், காற்று திசை மாறாதவரை கையில் ஐந்து மணி நேரம் இருக்கிறது.

2023 ஜூன் 7-ஆம் தேதி நியூயார்க் வானம் ஆரஞ்சு நிறமானது பலருக்கு நினைவிருக்கும். காற்றுத்தரக் குறியீடு அன்று 400-ஐத் தாண்டியது. கியூபெக் காடுகளில் மின்னலால் பற்றிய தீ ஒரு பக்கம். அட்லாண்டிக் கரையோரம் நகராமல் கிடந்து, வடக்குக் காற்றைத் தெற்கே திருப்பிவிட்ட காற்றழுத்தத் தாழ்வு மறுபக்கம். இந்த இரண்டும் சேர்ந்து வேலை செய்ததை அந்த நாட்களின் கோஸ் படத்தொடரில் அப்படியே பார்க்கலாம். தாழ்வைச் சுற்றி மேகங்கள் இடஞ்சுழியாகத் திரும்ப, அவற்றின் மேற்கு ஓரமாகப் பழுப்புப் புகை ஒன்டாரியோ வழியாகவும் நியூயார்க் மாநிலம் வழியாகவும் இறங்குகிறது. வேர்ல்ட்வியூவில் அதே நாளின் படம் இதைவிட அழகாக இருக்கும். ஆனால் அந்தப் புகை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது அதில் இல்லை.

கோஸ் படத்தைப் பார்க்க நல்ல நேரம் சூரியன் தாழ்ந்திருக்கும் காலையும் மாலையும். புகைத்துகள்கள் ஒளியை முன்னோக்கிச் சிதறடிப்பதால் அப்போது மெல்லிய புகையும் எடுப்பாகத் தெரியும். நடுப்பகலில் அதே புகை மங்கிவிடும். இரவில் கோஸ் கைவிட்டுவிடும். அகச்சிவப்பில் தீயின் வெப்பப் புள்ளி தெரியுமே தவிர, புகை ஏறத்தாழ ஊடுருவித் தெரியும் கண்ணாடிதான். மங்கிய ஒளியையும் பதிவுசெய்யும் வீர்ஸின் பகலிரவு அலைநீளப் பட்டை நல்ல நிலவொளி இருந்தால் இரவிலும் புகையைக் காட்டும். அதை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. நிலவில்லாத நாட்களில் அதையும் நம்ப முடியாது.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு பெரிய குறை உண்டு. மேலிருந்து பார்க்கும் படம் புகை இருப்பதைச் சொல்லும், அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. நான்கு, ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் போகும் புகை சூரியனைச் சிவப்பாக்கும், ஆனால் நம் மூச்சில் கலக்காது. எனவே படத்தில் புகை நம்மை நெருங்கும்போது, அது ஏற்கெனவே கடந்துவந்த ஊர்களின் தரைநிலைய அளவீடுகளைத் திறந்துவிடுகிறேன். அங்கே பிஎம் 2.5 (மூச்சில் கலக்கும் நுண்துகள்களின் அளவு) ஏறியிருந்தால்தான் சன்னலை மூடும் வேலை. ஐரோப்பாவின் சென்டினல்-5பி செயற்கைக்கோளில் உள்ள ட்ரோபோமி கருவி, புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடையும் அளக்கிறது. கண்டம் விட்டுக் கண்டம் போகும் புகையைத் தொடர அது நல்லது என்று தோன்றுகிறது; நான் அரிதாகவே திறப்பதால் உறுதியாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

2023 ஆகஸ்டில் மக்கள் வெளியேற்றப்பட்ட யெல்லோநைஃப் போன்ற வடகோடி ஊரில் இருந்திருந்தால் என் தேர்வு மாறியிருக்கும். அங்கே கோஸின் பார்வை மிகச் சாய்வு. துருவத்தை நெருங்க நெருங்க வீர்ஸ் ஒவ்வொரு சுற்றிலும் படமெடுக்கும் 3,000 கிலோமீட்டர் அகல நிலப்பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், ஒரே நாளில் பல படங்கள் கிடைத்துவிடும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்கு நிலைமை நேர்மாறானது. சுமத்ரா, கலிமந்தான் புகையைத் தொடர அவர்களுக்கு ஜப்பானின் ஹிமவாரி-9 இருக்கிறது. 10 நிமிடத்துக்கு ஒரு படம். பூமத்திய ரேகையருகே மோடிஸின் பட்டைகளுக்கு நடுவே இடைவெளியும் விழும், மேகமும் அதிகம். மேகம் விலகும் அரைமணி எப்போது வரும் என்று சொல்ல முடியாத அந்த வானத்துக்கு, நாள் முழுவதும் எடுத்துக்கொண்டே இருக்கும் கண்தான் பொருத்தம்.