ஏர் பிஸ்டல் ட்ரிகரை வெளியே கொடுத்துச் சரிசெய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள். ட்ரிகரைப் போட்டி விதிக்குள் கொண்டுவந்து தருகிறேன் என்று 6,500 ரூபாய் வாங்கிய ஒருவர், என் மகளின் பிஸ்டலைக் கெடுத்துக் கொடுத்தார். மாநிலப் போட்டியில் அவளால் தன் பிஸ்டலைக் கொண்டு சுட முடியவில்லை. அதைவிட மோசம், அந்த பிஸ்டல் லேசாகத் தட்டினாலே வெடிக்கிற நிலையில் எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது.

பிஸ்டல் ஒரு சீனியரிடம் வாங்கிய பழைய ஸ்டெயர் எல்பி 10. நல்ல பிஸ்டல்தான். ட்ரிகர் இரண்டு கட்டமாக நகரும். அதில் பிஸ்டல் வெடிக்கிற கடைசிக் கட்டமான செகண்ட் ஸ்டேஜ் மட்டும் பளிச்சென்று விடுபடாமல் கொஞ்சம் இழுபட்டுக்கொண்டே போனது. எங்கள் கோச் அப்போது வெளியூர் கேம்ப்பில் இருந்தார். ரைபிள் சுடும் பிள்ளைகள் சிலர் இந்த ஆளைச் சொன்னார்கள், ரைபிள் ட்ரிகரை வெண்ணெய் மாதிரி ஆக்கித் தருவார் என்று. ஆனால் 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு ட்ரிகர் எடையில், அதாவது சுடுவதற்கு ட்ரிகரை இழுக்க வேண்டிய பலத்தில், வரம்பே கிடையாது. எவ்வளவு குறைத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்சம் 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். ரைபிளில் கை தேர்ந்தவர் என்பதால் பிஸ்டலையும் அவரிடம் நம்பிக் கொடுத்துவிட முடியாது.

பிஸ்டலைத் திருப்பி வாங்கப் போனபோது எங்கள் கண்ணெதிரேதான் அளந்து காட்டினார். மீன் கடைகளில் தொங்குமே, அந்த மாதிரிச் சின்ன ஸ்பிரிங் தராசு. கொக்கியை மாட்டி இழுத்தார், முள் 500-ஐத் தாண்டியது. “பாருங்க அக்கா, 520. கண்ணை மூடிட்டுப் போகலாம்” என்றார்.

போட்டியில் துப்பாக்கிகளைச் சோதிக்கும் எக்விப்மென்ட் கன்ட்ரோலில் சோதனை இப்படி நடக்காது. சிலிண்டரில் காற்று இருக்க வேண்டும், பிஸ்டல் காக் செய்திருக்க (சுடத் தயார்நிலையில் இருக்க) வேண்டும், குழலை நேர் மேலே பார்த்தபடி பிடிக்க வேண்டும். சமதளத்தில் வைத்திருக்கும் 500 கிராம் எடையின் விளிம்பை ட்ரிகரின் நடுப்பகுதியில் கொடுத்து, நிதானமாகத் தூக்க வேண்டும். ட்ரிகர் விழாமல், அதாவது பிஸ்டல் வெடிக்காமல், எடை முழுதாக மேலே எழுந்தால் பாஸ். ஸ்பிரிங் வைத்த கருவிக்கோ உருளை வைத்த எடைக்கோ அங்கே இடமில்லை. மூன்று முறை தூக்கிப் பார்ப்பார்கள். மூன்றாவதிலும் தேறாவிட்டால், சரிசெய்த பிறகுதான் மறுபடி காட்டலாம். போட்டி முடிந்த கையோடும் சோதனைக்குக் கூப்பிடலாம். அப்போது எடை குறைந்திருந்தால் சுட்ட அறுபது ஷாட்டும் வீண், தகுதிநீக்கம்தான்.

மகளின் பிஸ்டலில் மூன்று முறையும் ட்ரிகர் விழுந்தது. எடை மேஜையைவிட்டு அசையக்கூட இல்லை. வேறு ஊர் கோச் ஒருவர் இரக்கப்பட்டு, செகண்ட் ஸ்டேஜ் திருகைக் கூட்டிப் பார்க்கலாம் என்று சாவியைப் போட்டார். திருகு நகரவில்லை. லாக்டைட் என்ற பசையை ஊற்றி இறுக்கி வைத்திருந்தார்கள். கடைசியில் கிளப் பிஸ்டல் ஒன்றை இரவல் வாங்கிச் சுட்டாள். பிடி அவள் கைக்குப் பெரிது. பிஸ்டல் சுடுபவர்களுக்குத் தெரியும், பிடி மாறினால் மணிக்கட்டின் கோணமே மாறிவிடும். பத்துப் பத்து ஷாட்டாக ஆறு சீரிஸும் அழாமல் சுட்டு முடித்தாள். ஒரு வருடம் முழுக்க விடியற்காலையில் எழுந்து டிரை ஃபயர் (குண்டு போடாமல் சுடும் பயிற்சி) செய்த பிள்ளை அவள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோச் திரும்பி வந்ததும் பிஸ்டலை ரேஞ்சில் வைத்துப் பார்த்தார். பெல்லட் (குண்டு) போடாமல், குழலை டார்கெட் பக்கம் திருப்பி, காக் செய்து, பிடியின் அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. ட்ரிகரை யாரும் தொடவில்லை, டப் என்று வெடித்தது. திரும்பவும் செய்தார், திரும்பவும் வெடித்தது. பிறகுதான் திறந்தார்.

உள்ளே செகண்ட் ஸ்டேஜ் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டப்பட்டிருந்தது. சியரின் விளிம்பை அரத்தால் ராவியிருந்தார்கள். ட்ரிகரை இழுக்கும்வரை உள்ளே இருக்கும் சுத்தியலைப் பிடித்து நிறுத்துவது அந்த விளிம்புதான். அது எதிர்ப் பாகத்தின் மேல் எவ்வளவு ஆழமாக உட்கார வேண்டும் என்பதை மாற்றவே தனித் திருகு இருக்கிறது. ராவ வேண்டிய தேவையே இல்லை. மேல்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகு அது. அந்தத் தோலை உரித்துவிட்டால் உள்ளே இருப்பது மிருது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் தேயும், எடையும் இறங்கிக்கொண்டே போகும். இழுபடுகிற உணர்வு போய்விட்டது என்று எங்களுக்குத் தோன்றியதே, அது சரிசெய்ததால் அல்ல. பிடிமானமே இல்லாமல் போனதால்.

சரி, தராசில் 520 எப்படி வந்தது? கோச் அதையும் செய்து காட்டினார். ட்ரிகர் மேலே ஓர் அச்சில் ஆடுகிறது. கொக்கியை நடுவில் மாட்டாமல் அச்சுக்குப் பக்கத்தில், மேலே ஏற்றி மாட்டினால், அதே ட்ரிகரை விழவைக்க அதிக பலம் வேண்டும். அதோடு தராசை வெடுக்கென்று இழுத்தால் முள் இன்னும் எகிறும். எங்கள் பிஸ்டலில் அந்த ஆள் மாட்டிய இடமும் மேலேதான், மகளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

போன் செய்தபோது அவர் சொன்னது: “நான் குடுக்கும்போது கரெக்டா இருந்துச்சு அக்கா, வீட்டுல யாராச்சும் திருகியிருப்பீங்க.” எக்விப்மென்ட் கன்ட்ரோலில் சாவி போட்டே நகராத திருகை வீட்டில் யார் திருகுவது என்று கேட்டேன். அப்புறம் போனை எடுக்கவே இல்லை. சியர், ஸ்பிரிங் இரண்டையும் ஒரிஜினலாக வரவழைத்து மாற்ற, அவருக்குக் கொடுத்ததைவிட அதிகம் செலவானது.

இப்போது பிஸ்டல் 510 கிராமில் நிற்கிறது. அதைச் செய்ய கோச்சுக்கு அரம் தேவைப்படவில்லை. இந்த பிஸ்டலில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கு ஒரு திருகு, செகண்ட் ஸ்டேஜுக்கு ஒரு திருகு, இரண்டும் சேர்ந்துதான் மொத்த எடை. கம்பெனி கையேட்டில் எந்தத் திருகு எதற்கு என்று படத்தோடு இருக்கிறது. முதலில் சியர் ஆழம், அடுத்து எடை, ஒவ்வொரு கால் திருப்புக்கும் எடைக்கட்டியைத் தூக்கிப் பார்த்து, நடுவில் டிரை ஃபயர் செய்து மறுபடி தூக்கிப் பார்த்தார். சரியாக 500-லேயே நிறுத்தாமல் பத்து கிராம் கூட வைத்தது, போட்டி நடுவில் கொஞ்சம் இறங்கினாலும் தேற வேண்டும் என்பதற்காக.

யாரிடம் கொடுத்தாலும், உங்கள் கிளப்பின் எடைக்கட்டியை எடுத்துக்கொண்டு போங்கள். திருப்பி வாங்கும்போது, சிலிண்டரில் காற்றோடு, ட்ரிகரின் நடுவில் வைத்து உங்கள் கையால் தூக்கிப் பாருங்கள். தராசுதான் இருக்கிறது என்றாலோ, சியரை ‘பாலிஷ்’ போட வேண்டும் என்றாலோ பிஸ்டலைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். ஸ்பிரிங்கை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த ஆளின் பெயரை இங்கே எழுதவில்லை, கிளப்பில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறோம். அவர் கைபட்ட பிஸ்டல்கள் இன்னும் சில பிள்ளைகளிடம் இருக்கின்றன. சமீபத்தில் யாரிடமாவது ட்ரிகர் வேலை செய்திருந்தால், அடுத்த பயிற்சிக்கு முன்பே கோச்சை வைத்து அந்தத் தட்டுச் சோதனையைச் செய்துவிடுங்கள். பெல்லட் இல்லாமல், குழல் டார்கெட் பக்கம் மட்டும்.