மூக்குத்தியைத் தூசி என்று நினைத்த ஸ்கேனர்: ஆறு வருட அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு பிளாட்பெட் ஸ்கேனர் இருக்கிறது. 2019 தொடக்கத்தில் செகண்ட் ஹேண்டாக 14,000 ரூபாய்க்கு வாங்கியது. மூடியிலும் விளக்கு உண்டு என்பதால் போட்டோவோடு நெகட்டிவையும் ஸ்கேன் செய்யலாம். முதலில் எங்கள் வீட்டு ஆல்பத்துக்காகத்தான் வாங்கினேன். அப்புறம் சொந்தக்காரர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள் என்று குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூரிலிருந்தெல்லாம் ஆல்பங்கள் மஞ்சள் பையில் வர ஆரம்பித்தன. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இந்த விலையில் கிடைக்கும் எல்லாவற்றுக்கும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆறு வருடம் வைத்திருந்தால்தான் தெரியும் சில விஷயங்கள் உண்டு, அவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் வருடம் நான் செய்த வேலையைப் பாதிக்கு மேல் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. அதற்குக் காரணம் குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு பாட்டி. அவருடைய அம்மாவின் கல்யாண குரூப் போட்டோவை ஸ்கேன் செய்து, பளிச்சென்று ஆக்கி, பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இன்னா தம்பி, எங்கம்மா மூக்குத்தியைக் காணோம்?" என்றார்.

எடுத்தது நான்தான். ஸ்கேனர் மென்பொருளில் ‘தூசி நீக்கு’ என்று ஒரு பெட்டி இருக்கும். அதை ‘அதிகம்’ என்று வைத்து ஓட்டியிருந்தேன். இந்த மாதிரி வசதி பெரும்பாலும் மீடியன் வடிகட்டி என்ற கணக்கின் ஏதோ ஒரு வடிவம். ஒவ்வொரு புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள புள்ளிகளோடு சேர்த்து வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் மதிப்பை எடுத்துக்கொள்ளும். ஐந்துக்கு ஐந்து கட்டம் என்றால் 25 மதிப்புகள், பதின்மூன்றாவதுதான் விடை. குரூப் போட்டோவில் ஒரு முகம் கால் அங்குலம் இருந்தால் பெரிது. 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஸ்கேன் செய்தால், மூக்குத்தி மூன்று புள்ளி அகலம், ஆக மொத்தம் ஒன்பது புள்ளி. மற்ற 16 புள்ளிகளும் கன்னத்தின் நிறம். ஓட்டெடுப்பில் மூக்குத்தி தோற்றுவிடும். குழந்தைகளின் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டுக்கும் இதே கதிதான். சுற்றியிருப்பதிலிருந்து வேறுபட்டுச் சின்னதாக எது இருந்தாலும் அந்தக் கணக்குக்கு அது அழுக்கு.

அன்றைக்கு அந்தப் பெட்டியை அணைத்தவன் இதுவரை திறக்கவில்லை. தூசியைக் கம்ப்யூட்டருக்குள் வருவதற்கு முன்னால் தட்டுகிறேன், அவ்வளவுதான். ரப்பர் பந்து போல அமுக்கும் ஊதி ஒன்று, மைக்ரோஃபைபர் துணி ஒன்று. பழைய பனியன் துணி வேண்டாம், பஞ்சு விடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் தெறித்தால் நெகட்டிவில் புள்ளி விழும். கோடையில் காற்று வறண்டிருப்பதால் ஃபிலிமில் மின்னூட்டம் ஏறி, ஊத ஊதத் தூசி திரும்ப வந்து ஒட்டும். அந்த மாதங்களில் அறையில் ஈரத் துணி போட்டுத் துடைத்துவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருவேன். மே மாதம் வேலூரில் ஃபேன் இல்லாமல் உட்காருவது என்னவென்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

வெயில் என்றதும் இன்னொன்று. ஸ்கேனருக்குள் இருக்கும், ஒளியை மின்சாரமாக்கும் சிசிடி உணரி, வெளிச்சமே இல்லாதபோதும் வெப்பத்தால் கொஞ்சம் மின்னோட்டத்தை உண்டாக்கும். ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு டிகிரி வெப்பம் கூடினால் அது இரண்டு மடங்காகும். நெகட்டிவின் அடர்ந்த பகுதிகளில், அதாவது பிரிண்டில் வெள்ளையாக வர வேண்டிய இடங்களில், அது மணல் தூவியது போலத் தெரியும். மதியம் இரண்டு மணிக்கு ஸ்கேன் செய்த நெகட்டிவையே மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எடுத்தபோது வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. அதிலிருந்து அக்னி நட்சத்திரம் முடியும் வரை நெகட்டிவ் வேலை விடியற்காலையில் மட்டும். அதிகமாக இருளடைந்த நெகட்டிவ் என்றால் நான்கு தடவை ஸ்கேன் செய்து சராசரி எடுப்பேன், அந்த மணல் இரைச்சல் பாதியாகும். பதினாறு தடவை எடுத்தால் கால்வாசி ஆகும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் மின்சாரம் அவ்வளவு நேரம் பொறுமையாக இருக்காது, தவிர ஒவ்வொரு ஓட்டத்திலும் உணரி வண்டி மயிரிழை நகர்ந்து நிற்பதால் படம் மழுங்கும். எனக்கு நான்கு போதும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரு கோடு. 2020ல் நெகட்டிவ் ஸ்கேன் எல்லாவற்றிலும் மேலிருந்து கீழ் வரை மெல்லிய நிறக்கோடு ஒன்று வர ஆரம்பித்தது. வோல்டேஜ் ஏற்ற இறக்கம் என்று முடிவு கட்டி யுபிஎஸ் வாங்கினேன். கேபிளை மாற்றினேன். மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன். சர்வீஸ் கடைக்காரர் ஒருவர் உணரியே போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்றார். கடைசியில் பார்த்தால் ஃபிலிம் வைக்கும் சட்டத்தின் தலைப்பகுதியில் ஒரு காலி இடைவெளி இருக்கிறதே, அங்கே கண்ணாடியில் ஒரு தூசி. ஸ்கேனர் ஒவ்வொரு முறையும் முதலில் அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் ‘இதுதான் வெள்ளை’ என்று தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அங்கே ஒரு தூசி இருந்தால், அந்தப் புள்ளிக்கு நேர் கீழே உள்ள எல்லாவற்றிலும் தப்பான திருத்தம் விழும், அது கோடாகத் தெரியும். ஒரு துடைப்பில் சரியானது. யுபிஎஸ் வீண்போகவில்லை, இப்போது ரௌட்டருக்கு உதவுகிறது.

டிபிஐ கணக்கில் ஏமாறாதீர்கள். பெட்டியில் 6400 என்று போட்டிருந்தது. ஒரே நெகட்டிவை 2400லும் 6400லும் எடுத்துப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பின்னணியில் இருந்த கடைப்பலகை எழுத்துகள் இரண்டிலும் ஒரே அளவுதான் படிக்க முடிந்தது. கோப்பு அளவோ 48 பிட்டில் (மூன்று நிறத்துக்கும் தலா 16 பிட்) ஏறக்குறைய 46 எம்பியிலிருந்து 330 எம்பிக்குத் தாவியது. லென்ஸ் காட்டாத நுணுக்கத்தை எண்ணிக்கை காட்டாது. 35 எம்எம் நெகட்டிவுக்கு 2400, போட்டோவுக்கு 600, சின்ன பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு மட்டும் 1200 என்று வைத்திருக்கிறேன். நெகட்டிவ் சட்டத்தின் உயரம் அரை மில்லிமீட்டர் மாறினால் வரும் கூர்மை, டிபிஐயை இரட்டிப்பாக்குவதால் வருவதில்லை. மெல்லிய அட்டைத் துண்டுகளைச் சட்டத்தின் கீழே வைத்து உயர்த்திப் பார்த்து, என் மெஷினுக்கு எது சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடிக் கண்டுபிடித்தேன்.

பிட் கணக்கு, அதாவது ஒரு நிறத்தை எத்தனை படிகளாகப் பிரிப்பது என்பது, வேறு. அதில் கஞ்சத்தனம் கூடாது. வெளுத்துப்போன போட்டோவில் கறுப்பும் இருக்காது, வெள்ளையும் இருக்காது, எல்லாம் நடுவில் சுருங்கிக் கிடக்கும். 8 பிட்டில் மொத்தம் 256 படிகள்தான். வெளுத்த படம் அதில் 80 படிகளை மட்டும் பிடித்திருந்தால், அந்த 80ஐ இழுத்து 256க்குப் பரப்பும்போது நடுவில் ஓட்டைகள் விழும். வானம் மாடிப்படி மாதிரி தெரிவது அதனால்தான். 16 பிட்டில் 65,536 படிகள், எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். ‘ஆட்டோ’ வெளிச்சத்தையும் நம்புவதில்லை. கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளையின் பட்டு வேஷ்டியை அது ஒரே வெள்ளைத் தாளாக்கிவிடும். மடிப்பும் போச்சு, ஜரிகையும் போச்சு. எந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளி என்று மென்பொருள் காட்டும் வரைபடத்தின் வலது முனையில் (வெள்ளைப் பக்கம்) கொஞ்சம் இடம் விட்டு நானே வைக்கிறேன். கூர்மையாக்கும் வசதியையும் ஸ்கேனரில் அணைத்துவிட்டு, கடைசியில் பிரிண்ட் சைஸுக்குக் கொண்டுவந்த பிறகு ஜிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளில் லேசாகப் போடுகிறேன். முன்னாலேயே போட்டால் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் வரும். சாமி படம் என்றால் பரவாயில்லை.

முதல் ஆறு மாதம் எல்லாவற்றையும் ஜேபெக்கில் சேமித்து, திறந்து திருத்தி, திரும்பச் சேமித்துக்கொண்டிருந்தேன். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று அது நினைப்பதைத் தூக்கிப் போட்டுவிடும். திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் போகும். ரேஷன் கார்டு ஜெராக்ஸின் ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதை. இப்போது மூலம், எதையும் தூக்கிப் போடாத டிஃப் வடிவத்தில் இருக்கும், அதைத் தொடுவதே இல்லை, நகலில்தான் வேலை. ஜேபெக் கொடுப்பதற்கு மட்டும். போனில் அனுப்பினால்கூடப் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாகத்தான் அனுப்புவேன்.

அகச்சிவப்புத் தூசி நீக்கம் இந்த மெஷினில் எனக்கு மிகவும் பிடித்த வசதி, கலர் நெகட்டிவுக்கு மட்டும். கலர் ஃபிலிமின் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியை வழிவிட்டு அனுப்பிவிடும், தூசியும் கீறலும் தடுக்கும். அதனால் எது படம், எது அழுக்கு என்று மெஷினுக்கு உண்மையிலேயே தெரிகிறது. மூக்குத்தி பிழைத்தது. ஆனால் கறுப்பு வெள்ளை நெகட்டிவில் உருவமே வெள்ளித் துகள்தான், வெள்ளி அகச்சிவப்பையும் தடுக்கும். படம் முழுவதையும் தூசி என்று எண்ணி மெழுகிவிடும். கறுப்பு வெள்ளைக்கு அந்த வசதியை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்து, ஒவ்வொரு புள்ளியாகக் கையால் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. என் மனைவி அதைக் கல்லரிசி பொறுக்குவது என்பாள்.

கறுப்பு வெள்ளைப் பிரிண்டுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது, பலர் செய்வதில்லை. அதைக் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சள், பழுப்புக் கறைகள் நீல ஒளியைத்தான் தின்னும், சிவப்பை விட்டுவிடும். படத்தை மூன்று நிறமாகப் பிரித்து, சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக் கறை தானாகவே மறைந்திருக்கும். ஒரு முகத்தையும் தொடாமல். 1981ல் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலில் திரும்பவும் லிங்கத்தை வைத்த சமயத்தில் எடுத்த கூட்டப் படம் ஒன்று வந்தது, டீ கொட்டிய கறையோடு. சிவப்பில் பார்த்தபோது கறைக்கு அடியிலிருந்து நான்கு பேர் எழுந்து வந்தார்கள்.

எழுபது, எண்பதுகளின் பட்டுத்தாள் பிரிண்டுகள் தனித் தொல்லை. தாளின் மேடு பள்ளங்கள் ஒழுங்கான புள்ளிக்கோலமாக முகமெங்கும் விழும். ஸ்கேனரின் விளக்கு ஒரே பக்கத்திலிருந்து அடிப்பதால் வரும் நிழல் அது. போட்டோவை ஒரு தடவை நேராகவும், ஒரு தடவை தலைகீழாகவும் வைத்து எடுத்து, இரண்டாவதைத் திருப்பி, ஒன்றின் மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுத்தால் பெருமளவு போய்விடும். மிச்சத்துக்கு ஜிம்ப்பில் ஃபூரியர் உருமாற்றம், படத்தை அலைகளாகப் பிரித்துக் காட்டும் கணக்கு. ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் கோலம் அங்கே சில பளிச்சென்ற நட்சத்திரங்களாகத் தெரியும். அவற்றைக் கறுப்பால் மூடிவிட்டுத் திரும்பினால் தாளின் கோலம் காணாமல் போய் முகம் நிற்கும். முதல் தடவை செய்தபோது இரவு பன்னிரண்டு மணிக்கு வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன். யாரும் பாராட்டவில்லை.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அதற்குப் பின் மூன்று மாதம் நனைந்த ஆல்பங்கள்தான். நிறைய படங்கள் ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்திருந்தன. தயவுசெய்து அதைப் பிய்க்காதீர்கள், படத்தின் ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே கவிழ்த்து ஸ்கேன் செய்தேன். இங்கேதான் சிசிடி ஸ்கேனருக்குக் கொடுத்த பணம் கைகொடுத்தது. விலை குறைந்த, ஒல்லியான சிஐஎஸ் ஸ்கேனர்களுக்குக் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரியும். இது இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் பார்க்கும்.

அப்போது ஒருவர், முகம் கரைந்துபோன தன் தாத்தா படத்தை ஏஐ மென்பொருளில் போட்டுச் சரிசெய்யச் சொன்னார். செய்தேன். அழகான தாத்தா வந்தார், பல் வரிசை சினிமாக்காரர் மாதிரி. நெற்றியின் விபூதிப் பட்டை மூன்று சுருக்கங்களாக மாறியிருந்தது. "நல்லாத்தான் கீது, ஆனா இவரு யாருன்னு தெரியலையே" என்றார் அவர். இரண்டையும் கொடுத்தேன். கரைந்த படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டியிருப்பதாகப் பிறகு சொன்னார். அது முதல், ஏஐ தொட்ட கோப்பின் பெயரிலேயே அதை எழுதிவிடுகிறேன்.

மெஷினின் குறைகள்: மூன்றாவது வருடம் கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்தது போல மங்கியது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சூட்டில் விடும் ஆவி படிவதால் வருவது. திருகைக் கழற்றித் துடைத்தேன், வாரண்டி இருந்தால் செய்யாதீர்கள். கூடவே வந்த மென்பொருள் மந்தம். மூடியின் கீல் தளர்ந்துவிட்டது, ஒரு பழைய டிக்‌ஷனரியை வைத்து அழுத்துகிறேன்.

வீட்டில் நூறு இருநூறு பிரிண்ட் மட்டும் இருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம், யாரிடமாவது கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். நெகட்டிவ் கட்டு கட்டாக இருக்கிறது என்றால் வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் வாங்கும் முன் ஒரு வெள்ளைத் தாளையும், எதுவும் வைக்காமல் ஃபிலிம் பக்கத்தையும் ஸ்கேன் செய்து பாருங்கள். கோடு விழுந்தால் பயப்படாமல் முதலில் அந்த இடைவெளியைத் துடையுங்கள். கோடு போகிறது என்று விற்பவரிடம் சொல்வதற்கு முன் விலையைப் பேசி முடித்துவிடுங்கள்.