எல்.எம்.சி.555: இரண்டு பேட்டரியில் இயங்கும் அலையியற்றிக்கு ஏற்ற ஐ.சி.

மூன்று வோல்ட்டுக்குள் இயங்கி, ஒரு ஹெர்ட்ஸுக்கும் கீழே தொடங்கிப் பல நூறு கிலோஹெர்ட்ஸ் வரை செல்லும் அலையியற்றியை, அதாவது தானாகவே மின் அலையை உருவாக்கும் சுற்றை, சொந்தமாக வடிவமைக்க விரும்புபவருக்கு, நான் முதலில் பரிந்துரைப்பது எல்.எம்.சி.555 என்ற, குறைந்த மின்னோட்டமே எடுக்கும் சி.எம்.ஓ.எஸ். வகை டைமர் ஐ.சி.யைத்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் என்னிடம் மாலையில் செய்முறை கற்க வரும் பாலிடெக்னிக் மாணவர்கள், பெரும்பாலும் பழைய என்.இ.555 ஐ.சி.யோடுதான் வருகிறார்கள். ஹான்ஸ் காமென்சிண்ட் 1971இல் வடிவமைத்து, சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் 1972இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்த ஐ.சி. இன்றும் நல்ல ஐ.சி.தான். ஆனால் அதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் தேவை என்பதால், இரண்டு பென்சில் பேட்டரிகளை மட்டும் நம்பிச் செய்யும் கருவிக்கு அது பயன்படாது.

எல்.எம்.சி.555 1.5 வோல்ட்டிலேயே இயங்கும் என்று அதன் தரவுத்தாள் உறுதியளிக்கிறது. அதற்காக ஒரே பேட்டரியில் ஓட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். புதிய பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கினாலும், தீரும்போது ஒரு வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். இரண்டைத் தொடராக இணைத்தால் 3 வோல்ட்டிலிருந்து 2 வோல்ட் வரை இறங்கும். அந்த எல்லை முழுவதும் இந்த ஐ.சி.க்கு வசதியானது. அதைவிட முக்கியமான நன்மை, அலையை உருவாக்க மின்தேக்கியின் மின்னழுத்தம் ஏறி இறங்கும் இரு வரம்புகளும் வழங்கு மின்னழுத்தத்தின் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்று விகிதமாகவே அமைந்திருப்பது. பேட்டரி இறங்கும்போது வரம்புகளும் சேர்ந்தே இறங்குவதால், அதிர்வெண் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. ஏறும்போது ஒரு வரம்பிலும் இறங்கும்போது வேறொரு வரம்பிலும் நிலை மாறும் 74எச்.சி.14 போன்ற ஷ்மிட் டிரிகர் ஐ.சி.யிலும் இரண்டு வோல்ட்டில் அலையியற்றி செய்யலாம். ஆனால் அதன் வரம்புகள் ஐ.சி.க்கு ஐ.சி. மாறுவதால், கணக்கிட்ட அதிர்வெண்ணை அதில் எதிர்பார்க்க முடியாது.

நான் பரிந்துரைக்கும் சுற்று மிக எளியது. ஐ.சி.யின் வெளியீடான மூன்றாம் காலிலிருந்து ஒரே மின்தடை வழியாக மின்தேக்கிக்குச் செல்ல வேண்டும்; மின்தேக்கியின் அந்த முனையில் இரண்டாம் காலையும் ஆறாம் காலையும் சேர்த்து இணைக்க வேண்டும். அதிர்வெண் என்பது 1.4, மின்தடை, மின்தேக்குதிறன் ஆகிய மூன்றின் பெருக்கலால் ஒன்றை வகுத்தால் கிடைப்பது. சி.எம்.ஓ.எஸ். வெளியீடு, சுமை இல்லாதபோது, பூச்சியத்திலிருந்து முழு வழங்கு மின்னழுத்தம் வரை சென்று வருவதால் ஏற்றமும் இறக்கமும் சமமாகி, சதுர அலை பாதிக்குப் பாதியாக அமைகிறது. என்.இ.555இன் வெளியீடு மேல்பக்கம் ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தே நிற்பதால், அதே சுற்றில் இந்தச் சமநிலை கிடைக்காது.

இனி அதிர்வெண் வீச்சைப் பார்ப்போம். 10 கிலோ ஓம் நிலையான மின்தடையோடு குமிழைத் திருப்பி மாற்றக்கூடிய மின்தடையான 1 மெகா ஓம் பொட்டன்ஷியோமீட்டரைத் தொடராக வைத்தால், ஒரு குமிழிலேயே நூறு மடங்கு வீச்சு கிடைக்கும். 1 மைக்ரோஃபாரட், 10 நானோஃபாரட், 100 பிகோஃபாரட் என்ற மூன்று மின்தேக்கிகளை ஒரு சுழல் சுவிட்ச்சில் கோத்தால், கணக்குப்படி 0.7 ஹெர்ட்ஸிலிருந்து 714 கிலோஹெர்ட்ஸ் வரை இடைவெளியின்றிச் செல்லலாம். பத்து லட்சம் மடங்கு வீச்சை இவ்வளவு குறைந்த உதிரிபாகங்களில் தரும் வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

குமிழைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். குமிழ் திரும்பும் அளவுக்கேற்ப மின்தடை சீராக மாறும் சாதாரண லீனியர் பொட்டன்ஷியோமீட்டரை 10 நானோஃபாரட்டோடு பயன்படுத்தினால், குமிழ் நடுவில் நிற்கும்போது 140 ஹெர்ட்ஸ்தான் வரும். 650 ஹெர்ட்ஸிலிருந்து 7,100 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி முழுவதும் கடைசிப் பத்தில் ஒரு பங்குச் சுழற்சிக்குள் நெருக்கிக்கொள்ளும். அங்கே விரல் அசைந்தாலே அதிர்வெண் ஓடிவிடும். ஆம்ப்ளிஃபையர் வால்யூமுக்குப் போடும் லாக் வகையில், மின்தடை மெதுவாக ஏறும் பக்கத்து முனையையும் நடுக்காலையும் எடுத்துக்கொண்டால், குமிழின் நடுவிலேயே 650 ஹெர்ட்ஸை ஒட்டி வந்து, அளவுகோல் சீராகப் பரவுகிறது. வலப்பக்கம் திருப்பினால் அதிர்வெண் குறையும் என்பது மட்டும் பழகிக்கொள்ள வேண்டியது.

குறைகளும் உண்டு. குறைந்த மின்னழுத்தத்தில் இந்த ஐ.சி.யின் வெளியீடு வலுவற்றது. அதிலும் மின்னோட்டத்தை வெளியே தள்ளும் திறன், உள்ளே இழுக்கும் திறனைவிடக் குறைவு. மூன்றாம் காலே மின்தேக்கியையும் ஏற்றி இறக்குவதால், அதில் எல்.இ.டி. போன்ற சுமையை இணைத்தால் அலையின் சமநிலையும் அதிர்வெண்ணும் கெடும். இந்தச் சுற்றில் ஏழாம் கால் சும்மா இருக்கிறது. அதுவும் மூன்றாம் காலோடு ஒத்தே இயங்குவதால், ஒரு மின்தடை வழியாக அதை வழங்கு மின்னழுத்தத்தோடு இணைத்து, சுமைக்கான அலையை அங்கிருந்து எடுத்துக்கொள்வதே முறை. அடுத்தது மேல் எல்லை. தரவுத்தாள் சொல்லும் 3 மெகாஹெர்ட்ஸ் 5 வோல்ட்டுக்கானது. 2 வோல்ட்டில் ஐ.சி. மெதுவாகிவிடும். 100 பிகோஃபாரட்டோடு, பற்றவைக்காமல் உதிரிபாகங்களைச் செருகும் பலகையான பிரெட்போர்டின் சில பிகோஃபாரட்டும் சேர்ந்துகொள்வதால், 714 என்று கணக்கிட்டது 650 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே நின்றாலும் வியப்பில்லை. அந்த இடத்துக்கு வெப்பத்தில் மதிப்பு அதிகம் மாறாத சி0ஜி வகைச் செராமிக், மற்ற இரண்டுக்கும் பாலியெஸ்டர் மின்தேக்கி என்று வைத்தால், நம் ஊர் வெயிலில் அதிர்வெண் அதிகம் நகராது.

ராயபுரம், காசிமேடு பக்கம் வசிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கடற்காற்றின் உப்பும் ஈரமும் பலகையில் படிந்தால், 1 மெகா ஓமுக்கு இணையாக ஒரு கசிவுப் பாதை உருவாகி, கீழ் அதிர்வெண்கள் தாமாகவே உயரும். சால்டரிங் ஃபிளக்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பலகைக்குக் காப்புப் பூச்சு ஒன்று கொடுப்பது நல்லது.

வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால், மின்னணு உதிரிபாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். அங்கே வாங்கும்போது வெறும் '555' என்று கேட்காமல், முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டு, ஐ.சி.யின் மேலுள்ள எழுத்தையும் படித்துப் பார்க்க வேண்டும். சி.எம்.ஓ.எஸ். என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்தவற்றுள் பழைய வகையும் கலந்திருந்தது. சோதிப்பது எளிது: வெளியீட்டில் சுமையின்றி 5 வோல்ட் கொடுத்து, மல்டிமீட்டரில் வழங்கு மின்னோட்டத்தை அளந்தால், பழைய வகை 3 மில்லிஆம்பியரை ஒட்டிக் காட்டும், எல்.எம்.சி.555 0.1 மில்லிஆம்பியர் அளவில்தான் நிற்கும். ஐ.சி.யைப் பலகையில் பற்றவைப்பதற்கு முன்பே இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும்.