ரௌட்டர் மாறியபின் கோப்புச் சேவையகம் தெரியவில்லையா? காசு கொடுக்குமுன் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய தொலைபேசிக் கம்பி இணைப்பை விட்டு ஃபைபர் இணைப்புக்கு மாறுகிறவர்கள், அதிலும் வீட்டில் கோப்புகளுக்கென்று ஒரு கணினியை வைத்திருப்பவர்கள், இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். நகரத்துக் கணினிக் கடை ஒன்று என்னிடம் 34,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, இருந்த பழுதைத் தொடாமல், இல்லாத ஆபத்தொன்றை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

கொக்குவிலில் எங்கள் வீட்டு மேசைக் கணினியில் வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற மென்பொருள் மூலம் ஒரு மெய்நிகர் கணினி, அதாவது கணினிக்குள் இன்னொரு கணினி, ஓடுகிறது. அதில் உபுண்டு என்ற இயங்குதளமும், கோப்புகளை மற்றக் கணினிகளோடு பகிரும் சம்பா என்ற மென்பொருளும் இருக்கின்றன. எங்கள் கோப்புச் சேவையகம் இதுதான். ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் விடுமுறைக்கு வந்தபோது அமைத்துத் தந்தது. காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், பழைய படங்கள் எல்லாவற்றின் பிரதிகளும் அதில்தான். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அம்மா ஒரு தகரப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு சாவகச்சேரிக்கு நடந்தார். அந்தப் பெட்டியில் இருந்தவைதான் இன்று எங்களிடம் மிஞ்சியிருக்கின்றன. மற்றவை போனவை போனவைதான். ஆகவே இந்தக் கோப்புகள் எங்களுக்கு எவ்வளவு பெறுமதி என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்தவர்கள் புதிய ரௌட்டரைப் பூட்டிவிட்டுப் போன அன்றே சேவையகம் காணாமற்போனது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். திருத்துநர் வந்தார். கணினியின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயா, நெட்வேர்க் காட் எரிந்துவிட்டது, புதிது போட வேண்டும்" என்றார். அவர் அப்படிச் சொல்லும்போது கேபிள் செருகியிருந்த துளைக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அதே கேபிளில், அதே கணினியில், என் பேத்தி யூரியூப் பார்த்துக்கொண்டிருந்தாள். எரிந்துபோன அட்டையில் இணையம் எப்படி வரும் என்று கேட்டேன். "அது வேறு, சேவர் வேறு" என்றார். வேறில்லை. பிரிட்ஜ் முறையில், அதாவது வீட்டு வலையமைப்பில் தனிக் கணினிபோலத் தெரியும்படி, வைத்த மெய்நிகர் கணினியும் அதே அட்டை வழியாகத்தான் வெளியே வருகிறது.

புதிய அட்டை போட்டும் சேவையகம் தெரியவில்லை. அடுத்த முறை வந்தபோது இரண்டாவது ரௌட்டர் ஒன்றைக் கொண்டுவந்து ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் பூட்டினார். ரௌட்டருக்குப் பின்னால் ரௌட்டர் வந்தால் வீட்டுக்குள்ளேயே இரண்டு வலையமைப்புகள் உருவாகிவிடும். முதல் ரௌட்டரின் வைபையில் இருக்கும் கைப்பேசிக்கு இரண்டாவதன் பின்னால் இருக்கும் கணினி தெரியாது. அதைச் சரிக்கட்ட இரண்டாவது ரௌட்டரில் 445 ஆம் போர்ட்டை, அதாவது வலையமைப்பின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்றை, திறந்தார். அத்தோடும் நிற்கவில்லை. ஃபைபர் ரௌட்டரில் டிஎம்இசற் (DMZ) என்ற வசதியைப் போட்டு, வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் அந்த இரண்டாவது ரௌட்டருக்கு அனுப்பும்படி வைத்தார். சம்பாவில் இருந்த கடவுச்சொல்லையும் எடுத்துவிட்டார். "இப்போது பாருங்கள், ஐயா, வந்துவிட்டது" என்றார். ஆம், கோப்புறைகள் வந்தன. எங்கள் காணி உறுதிகளுக்கும் உலகத்துக்கும் நடுவில் கதவே இல்லாமல் வந்தன.

445 என்பது விண்டோஸும் சம்பாவும் கோப்புகளைப் பகிரும் வாசல். 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் விண்டோஸ் கணினிகளுக்குள் புகுந்தது இந்த வழியால்தான். இங்கிலாந்தில் வைத்தியசாலைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்பின. அதே மாதம் சம்பாவிலும் பாரதூரமான ஓட்டை ஒன்று வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. இந்த வாசலை இணையத்துக்குத் திறந்துவைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடிப் பாடம். அது தெரியாதவர் மற்றவர் வீட்டு ரௌட்டரில் கைவைக்கக் கூடாது.

மருமகன் வட்ஸ்அப்பில் கேட்ட முதல் கேள்வியே, "மாமா, கடைசியாக வீட்டில் என்ன மாறியது?" என்பதுதான். காசு வாங்கியவர் இதைக் கடைசிவரை கேட்கவில்லை. பழைய ரௌட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்தது. சேவையகத்துக்கு 192.168.1.50 என்று நிரந்தர முகவரி. புதிய ரௌட்டர் கொடுப்பதோ 192.168.100 என்று தொடங்குபவை. மூன்றாவது எண் ஒத்துப்போகாததால் ஒன்றையொன்று காணவில்லை. பழுது இவ்வளவுதான். இரண்டாவது ரௌட்டரைக் கழற்றி, கேபிளைப் பழைய துளையிலேயே செருகினோம். வேர்ச்சுவல்பொக்ஸில் பிரிட்ஜைப் பழைய அட்டைக்குத் திருப்பி, உபுண்டுவில் முகவரியை 192.168.100.50 என்றும் நுழைவாயிலை (ரௌட்டரின் முகவரியை) 192.168.100.1 என்றும் மாற்றினோம். மற்றக் கணினிகளிலும் புதிய முகவரியைக் கொடுத்தோம். "எரிந்த" அட்டையில் சேவையகம் இன்றுவரை ஓடுகிறது. புதிய ரௌட்டரையே 192.168.1 வரிசைக்கு மாற்றியிருந்தால் இந்த வேலையும் மிச்சம்.

ஃபைபர் ரௌட்டரின் கடவுச்சொல்லையும் கடைக்காரர் மாற்றியிருந்தார். கேட்டபோது, திரும்ப வருவதென்றால் கூலி தர வேண்டும் என்றார்கள். ஊசித் துளையை அழுத்தி ரீசெற் செய்யாதீர்கள். இணைய நிறுவனம் போட்ட அமைப்புகளும் சேர்ந்து அழிந்துபோகலாம். நான் நிறுவனத்துக்கே சொல்லி மாற்றுவித்தேன். அதன்பின் உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் டிஎம்இசற் வரிக்கு நேரே சரி அடையாளம் தெரிந்தது. உடனே எடுத்துவிட்டு, சம்பாவுக்கும் புதிய கடவுச்சொல் போட்டோம்.

அட்டையையும் ரௌட்டரையும் திருப்பி எடுக்கக் கடை மறுக்கிறது. வன்தட்டைக் கடைக்குக் கொண்டுவந்தால் "போர்மற் செய்து முதலிலிருந்து" செய்து தருவார்களாம். கொடுத்திருந்தால் அம்மாவின் பெட்டி இரண்டாம் முறை தொலைந்திருக்கும். பற்றுச்சீட்டில் "கணினி திருத்தம்" என்ற இரண்டு சொற்களும் மொத்தத் தொகையும் மட்டுமே இருக்கின்றன. பொருளின் பெயர், தொடரெண், உத்தரவாதம், கூலி எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத மறுத்தால் காசு கொடுக்காதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் தாமதிக்காதீர்கள். அவர்களின் தொலைபேசி எண் 1977.

அண்மையில் உங்கள் வீட்டுக்கும் யாராவது வந்து சேவையகத்தை "வரச் செய்து" தந்திருந்தால், இன்றிரவே ரௌட்டர் பக்கத்தைத் திறந்து, போர்ட் ஃபோர்வேடிங் (வெளியிலிருந்து உள்ளே திறந்துவிட்ட வாசல்கள்) பட்டியலில் 445 அல்லது கோப்புப் பகிர்வின் பழைய வாசலான 139 இருக்கிறதா, டிஎம்இசற் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். கடையோடு கதைப்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.