கதிர்வீச்சுக்குப் பின் தோள்வலி: ஓய்வா, பயிற்சியா, மாத்திரையா, ஊசியா?

மார்பகப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து, தோலின் கருமையும் எரிச்சலும் மெல்ல மறையத் தொடங்கும் நாட்களில்தான் பலருக்குத் தோள்வலி தலைகாட்டுகிறது. மேல் தட்டில் இருப்பதை எட்டி எடுக்கும்போதோ, கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய் உள்ளாடையின் கொக்கியை மாட்டும்போதோ, ஓர் அளவுக்கு மேல் கை போக மறுக்கிறது. சிகிச்சைதான் முடிந்துவிட்டதே, இப்போது ஏன் வலிக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. கதிர் பட்ட திசு ஆறும்போது நெகிழ்வை இழந்து நார்போல் இறுகுகிறது. இந்த இறுக்கம் கடைசி நாள் சிகிச்சையோடு நின்றுவிடாமல் மாதக்கணக்கிலும், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் தொடர்கிறது. மார்புத் தசைகள் சுருங்கச் சுருங்கத் தோள் முன்பக்கமாகக் கூனுகிறது. கூனிய தோளோடு கையை உயர்த்தினால் மூட்டுக்குள் தசைநாண்கள் நெரிபடுகின்றன. அக்குளில் நெறிக்கட்டிகளை அகற்றிய அறுவை சிகிச்சையும் நடந்திருந்தால் சிக்கல் இன்னும் கூடும்.

முதலில் எதிரெதிராக நிற்பவை ஓய்வும் அசைவும். வலிக்கிற கையை அசைக்காமல் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்று நோயாளிக்கும் தோன்றும், வீட்டாரும் அன்போடு அதையே சொல்வார்கள். புண் ஆறாத முதல் சில நாட்களுக்கு அது பொருந்தும். அதற்குப் பிறகும் நீடித்தால், இறுகும் திசுவுக்கு அவகாசம் கொடுப்பதாகவே முடியும். 2021இல் வெளியான ‘ப்ராஸ்பர்’ என்ற பிரிட்டிஷ் ஆய்வு, தோள் பாதிப்புக்கு வாய்ப்பு அதிகமுள்ள 392 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான துண்டறிக்கைகளை மட்டும் கொடுத்தது. மற்றவர்களுக்கு அறுவை முடிந்த 7 முதல் 10 நாட்களிலேயே பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டிய பயிற்சியைத் தொடங்கியது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பயிற்சி பெற்றவர்களின் கை இயக்கம் மேம்பட்டிருந்தது, வலியும் குறைந்திருந்தது, நிணநீர் வீக்கமும் (நிணநீர் வடியாமல் தேங்கிக் கை வீங்குவது) கூடவில்லை. அந்த ஆய்வு வலி வருமுன் தொடங்கிய பயிற்சியைப் பற்றியது. வலி வேரூன்றிய பிறகு அதே அளவு பலனை எதிர்பார்க்க முடியாது. ஆயினும் ஓய்வுக்கும் அசைவுக்கும் இடையே என் வாக்கு தயக்கமின்றி அசைவுக்கே.

அப்படியானால் வீட்டிலேயே செய்துகொள்வதா, பிசியோதெரபிஸ்ட்டிடம் போவதா? வீட்டுப் பயிற்சியின் பலம், அதைத் தினமும் செய்ய முடிவது. சுவரைப் பார்த்து நின்று, பாதிக்கப்பட்ட கையின் விரல்களைச் சிலந்தி ஊர்வதுபோல மேலே ஏற்றி, இழுவிசை தெரியும் இடத்தில் நிறுத்தி, நிதானமாக மூச்சு விட்டு இறக்க வேண்டும்; எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால், கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் சுவரில் தெரியும். மல்லாந்து படுத்து இரு கைகளையும் கோத்துத் தலைக்கு மேலே கொண்டுபோவது இன்னொன்று. கதிர்வீச்சுக் கட்டிலில் கையை உயர்த்திக் கிடந்த அதே நிலைதான் அது. இழுப்பது போன்ற உணர்வு இருக்கலாம், குத்தும் வலி கூடாது. மறுநாளும் வலி நீடித்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

வீட்டுப் பயிற்சியின் பலவீனம், எங்கே தவறுகிறோம் என்று நமக்கே தெரியாதது. கை உயரவில்லை என்றால் தோளைக் காதுவரை தூக்கி ஈடுகட்டிவிடுவோம். கோடு உயரும், மூட்டு அப்படியே இருக்கும். பிசியோதெரபிஸ்ட் அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அக்குளிலிருந்து முழங்கை நோக்கித் தோலுக்கடியில் வீணைத் தந்திபோல் விறைத்து நிற்கும் கயிறு, மூட்டுறையே இறுகிப்போன ‘ஃப்ரோஸன் ஷோல்டர்’, வெறும் தசை இறுக்கம் ஆகிய மூன்றையும் பிரித்தறிவதற்கும் அவருடைய கையே வேண்டும். முதலில் சில அமர்வுகள் அவரிடம், பிறகு தினமும் வீட்டில், சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பப் போய்ச் சரிபார்ப்பு என்று இரண்டையும் கலந்துகொள்வதே, செலவையும் அலைச்சலையும் கணக்கில் வைத்தால், எனக்குச் சரியாகப் படுகிறது. கனம் தூக்கினால் கை வீங்கிவிடும் என்ற அச்சம் இன்றும் பரவலாக இருக்கிறது. நிணநீர் வீக்கம் ஏற்கெனவே உள்ள பெண்களிடம் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்விலேயே, கண்காணிப்போடு படிப்படியாக எடை தூக்கியது வீக்கத்தை மோசமாக்கவில்லை.

மாத்திரையையும் ஊசியையும் பயிற்சிக்குப் போட்டியாக நிறுத்துவதைவிடத் துணையாக வைப்பதே முறை. பயிற்சிக்குச் சற்று முன் எடுக்கும் பாராசிட்டமால் கையைக் கூடுதலாக அசைக்க உதவும். இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் நீண்ட நாள் எடுத்தால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். எரிவதுபோன்ற, மின்சாரம் பாய்வதுபோன்ற வலி நரம்பிலிருந்து வருவது. அதற்குக் காபாபென்டின், டுலோக்செடின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தரப்படும் டமாக்சிஃபென் மாத்திரையை உட்கொள்பவர்கள் டுலோக்செடின் தொடங்குமுன் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். டமாக்சிஃபெனை உடல் செயல்படு நிலைக்கு மாற்றுவதை அது தடுக்கக்கூடும். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி, ஃப்ரோஸன் ஷோல்டராக இருந்தால் சில வாரங்களுக்கு நல்ல நிவாரணம் தரும். கதிரால் இறுகிய மார்புத் தசைக்கு அது மருந்தல்ல.

ஒத்தடத்தில் சூடா, ஐஸா என்ற விவாதத்தைவிட முக்கியமானது இடம். அக்குள் அறுவைக்குப் பின் மேற்கையின் உட்புறம் பலருக்கு மரத்துப்போயிருக்கும். அங்கே வெந்நீர்ப் பை சுட்டாலும் தெரியாது, ஐஸ் கடித்தாலும் தெரியாது. உணர்ச்சி குறைந்த இடத்திலும் கதிர் பட்ட தோலிலும் இரண்டையும் தவிர்ப்பதே நல்லது.

இரு தோள்களும், கூடவே விரல்களும் முழங்கால்களும் காலையில் விறைத்துக்கொண்டு வலித்தால், குற்றவாளி கதிர்வீச்சாக இல்லாமல் புற்றுநோய் திரும்பாமலிருக்க ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளாக இருக்கலாம். அந்த வலிக்கு உடற்பயிற்சியும் அக்குபங்சரும் உதவுவதாக ஆய்வுகள் உண்டு. மருந்தைத் தானாக நிறுத்துவது மட்டும் கூடாது.

இந்த ஒப்பீட்டுக்கு வெளியே நிற்கும் வலிகளும் உண்டு. படுத்தாலும் எழுந்தாலும் மாறாமல் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் எலும்பு வலி, கையில் புதிதாக வரும் பலவீனமோ மரத்துப்போதலோ, திடீர் வீக்கம், காய்ச்சலோடு கூடிய சிவப்பு ஆகியவற்றுக்குப் பயிற்சியைத் தேடக் கூடாது. கதிர்வீச்சு முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும், அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திராமல் சிகிச்சை தந்த மருத்துவக் குழுவிடமே உடனே காட்ட வேண்டும்.